சொட்டு மருந்துக்குப் பின் நாற்பது நிமிஷம்

கண் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, "வெயிட்டிங் ரூமுக்கு ஆறு பத்திரிகைக்கு சந்தா கட்டப் போறேன். எது எதுன்னு நீயே முடிவு பண்ணும்மா" என்று சொன்னபோது மணி பத்தேகால். பத்து இருபதுக்குள் அவள் மனசுக்குள் பதினாறு பத்திரிகைகள் தேர்வாகிவிட்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இருக்காதா பின்னே? மூன்று வருஷமாக அந்த மருத்துவமனையில் அவளை யாரும் எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து நோயாளிகளின் ஃபைல்களை எடுப்பதும் அடுக்குவதும்தான் வேலை. டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘ஃபைல் பொண்ணு’. பேசுவதற்கென்றே பிறந்த பிறவியைக் கொண்டுபோய்க் காகிதங்களோடு அடைத்துவைத்தால் எப்படி இருக்கும்? நாள் முழுக்க அடக்கிவைத்ததையெல்லாம் சாயங்காலம் வீட்டில் கொட்டித் தீர்த்துவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், பாவம், ‘உம்’ கொட்டிக்கொண்டே சாப்பிடப் பழகியிருந்தான்.

போன வாரம்தான் முன் மேஜைப் பெண் வேலையை விட்டுப் போனாள். டோக்கன் கொடுத்து, ஃபைலை வாங்கி, ஆளை உள்ளே அனுப்புகிற அந்த இடம் காலியானது. தெருவைப் பார்த்த ஜன்னல், சுழலும் நாற்காலி, எதிரே எப்போதும் பத்துப் பதினைந்து மனுஷ முகம். கேட்டால் கிடைக்கவா போகிறது என்று நினைத்தபடியே போய்க் கேட்டாள். டாக்டர் கொடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"ஒரு மாசம் பாக்கறேன். மருந்து விட்டப்புறம் காத்திருக்கறாங்களே, அந்த நாற்பது நிமிஷம்தான் இங்க பிரச்சினையே. இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்னு ஒரே சத்தம். உள்ள உக்காந்து என்னால வேலை பாக்க முடியல. அவங்களை நீ சத்தமில்லாம உக்கார வெச்சுட்டா இந்த சீட்டு உனக்கு. இல்லேன்னா நீ பழையபடி ரெக்கார்டு ரூமுக்கே போயிடு. நான் சுவத்துல பெரிசா ஒரு டிவியை மாட்டிட்டு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஆக, அந்த ஆறு பத்திரிகைகள்தான் அவளுக்கும் மாடிப்படி இருட்டுக்கும் நடுவில் நின்றன. அவள் சும்மா விடுவாளா? பத்திரிகை முகவரிடமிருந்து பட்டியலை வாங்கிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு யாராவது என்றால் தனக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவள் ஃபைல் பொண்ணு ஆயிற்றே. மூன்று வருஷத்து ஃபைல்களும் தலைக்குள் இருந்தன. வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். அடுத்தது டிரைவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்து கண் வறண்டுபோனவர்கள். மாறுகண் குழந்தைகள் வாரத்துக்கு ஏழெட்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். சாப்பாட்டு மேஜையில் அந்த நோட்டு விரிந்தது.

"அரசியல் பத்திரிகை ஒண்ணு போடு. ஆம்பளைங்க படிப்பாங்க" என்றான் புருஷன்.

"போட்டா சத்தம் குறையுமா, கூடுமா? போன தேர்தல் அப்போ உங்க அண்ணனும் நீங்களும் இதே மேஜையில என்ன பண்ணீங்க, மறந்துபோச்சா?"

அவன் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

"உடம்பு, ஆரோக்கியம்னு ஒண்ணு வருமே, அது நல்லா இருக்கும்டி" என்றாள் மாமியார்.

"வேணாம் அத்தை. கண்ணுக்குக் காட்ட வந்தவங்க அதைப் படிச்சுட்டு, இருதயமும் சரியில்ல போலிருக்கேன்னு பயந்துபோய் எழுந்து போயிடுவாங்க."

"அப்ப என்னதான் போடப் போறே?"

அதற்குத்தானே காத்திருந்தாள். சமையலுக்கு ஒன்று, பெரிய பெரிய படத்தோடு. சினிமாவுக்கு ஒன்று. வண்டி, லாரி, இன்ஜின் பற்றி ஒன்று, டிரைவர்களுக்காக. தையலும் கைவேலையும் ஒன்று. குழந்தைகளுக்கு வண்ணப் படக்கதை ஒன்று. ஆறாவதில்தான் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. கடைசியில் ஒரு துப்பறியும் வார இதழ். பூட்டிய நகைக்கடைக்குள் கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கிற ஒரு தொடர்கதை அதில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மாதிரி இதழில் முதல் அத்தியாயத்தைப் படித்தவள் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். இதைவிட என்ன சான்று வேண்டும்?

பட்டியலை டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எழுத்தெல்லாம் பெரிசா இருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் சார். பெரிய எழுத்துதான்."

"பரவாயில்லையே. எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கே" என்று கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கட்டு வந்தது. மை வாசனையோடு ஆறு இதழ்களையும், ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று பிரதி, வட்ட மேஜையில் விசிறிபோல விரித்தாள். போதாதென்று மருந்து விட்டுக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஆளைப் பார்த்துப் பார்த்துக் கையிலேயே கொடுத்தாள். லாரி டிரைவருக்கு லாரி. தையற்கடை அம்மாவுக்குத் தையல். வாரா வாரம் லேசர் சிகிச்சைக்கு வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்குத் துப்பறியும் இதழ். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கத் தயாரானாள்.

யாரும் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. பதினொரு பேரும் இதழை மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு தலைமையாசிரியையிடம் போய், "ஏன் டீச்சர், பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"பிடிக்குதா பிடிக்கலையான்னு தெரியறதுக்கு எழுத்து தெரியணுமே. எல்லாம் எறும்பு மாதிரி ஊருது. கண்ணுல மருந்தை விட்டுட்டுக் கையில புத்தகத்தைக் குடுக்கற ஆஸ்பத்திரியை நான் இப்பத்தான் பாக்கறேன்."

கருமணி விரிவதற்காக விடுகிற மருந்து அது. விட்டால் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். இது அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஃபைலிலும் ‘மருந்து விட்ட நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருஷமாக அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று சரிபார்த்தவளே அவள்தான். ஆனால் காகிதத்தில் பார்த்தவளுக்கு ஆளைப் பார்த்துப் பழக்கமில்லை. பக்கத்துத் தடுப்புக்குள் மருந்து விடுகிற நர்ஸக்காவிடம் ஓடினாள்.

நர்ஸக்கா சொட்டுப் புட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இருபது வருஷமா நான்தாண்டி மருந்து விடறேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்கன்னு நான்தான் சொல்றேன். எனக்கே தோணலையே. டாக்டர் வேற எழுத்து பெரிசான்னு கேட்டாரா?"

"சிரிக்காதீங்கக்கா. என் சீட்டு போயிடும்."

சீட்டு போகிற மாதிரிதான் இருந்தது. கையில் இருப்பதைப் படிக்கமுடியாத எரிச்சலும் சேர்ந்துகொண்டதால் அந்த வாரம் சத்தம் முன்னைவிடக் கூடியது. வியாழக்கிழமை டாக்டர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "டிவிக்குச் சொல்லிட்டேன்மா. அடுத்த திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கள் வந்து மாட்டுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஆறுதலாகச் சொன்னார். அவள் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை மறுபடி வந்தார். மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"இங்க வா. போன வாரம் மடியில ஒண்ணு வெச்சியே, அட்டையில ஏதோ நகைக்கடை மாதிரி இருந்துது. அது என்ன கதை?"

"கொலைக் கதை டீச்சர். கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கறார், கடை உள்பக்கமா பூட்டியிருக்கு."

"உள்பக்கமா பூட்டியிருந்தா கொன்னவன் எப்படி வெளிய போனான்?"

"அதுதான் டீச்சர் கதையே."

"அப்ப படி. கண்ணு தெரியற நீ சும்மாதானே உக்காந்திருக்கே?"

அவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது பத்தியில் இன்ஸ்பெக்டர் வந்தார், அவருக்கு ஒரு கட்டைக் குரல் கொடுத்தாள். கணக்குப்பிள்ளையின் பெண்டாட்டி வந்து அழுதாள், அதற்கொரு குரல். மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்த பேச்சு அல்லவா, மடை திறந்த மாதிரி வந்தது. லாரி டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் சத்தமாம்மா" என்று மூலையிலிருந்து யாரோ சொன்னார்கள். டாக்டர் உள்ளிருந்து மணி அடித்தால் நிறுத்தி, ஒருவரை அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. அன்றைக்கு வீட்டில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. புருஷன் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அந்த வாரம் முழுக்கப் படித்தாள். தையற்கடை அம்மாவுக்காகக் கைவேலைக் குறிப்பு, குழந்தைகளுக்குப் படக்கதை, நடுநடுவே நகைக்கடை. டாக்டரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சொன்னால், பத்திரிகை வாங்கியது வீண் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டுமே.

மறு திங்கட்கிழமை காலை புது இதழ் வந்தது, அதோடு டிவிக்காரரும் வந்தார். தோளில் ஏணி, பின்னால் ஆளுயர அட்டைப்பெட்டி. சரியாக அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கடையின் மேற்கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சுவத்துல துளை போடணும்" என்றார் டிவிக்காரர்.

"போடலாம், போடலாம். அத்தியாயம் முடியட்டும்" என்றார் லாரி டிரைவர் கண்ணைத் திறக்காமலே. டிவிக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். அவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

உள்ளே மணி அடித்தது. அவள் காதில் விழவில்லை. இன்னொரு முறை அடித்தது. மேற்கூரையில் ஒரு ஓடு மட்டும் புதுசாக இருந்தது, யாருக்கு மணி காதில் விழும்? கதவு திறந்தது. முகத்தில் மாஸ்க்கோடு டாக்டரே வெளியே வந்து நின்றார். இருபது வருஷத்தில் அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் பார்த்துவிட்டாள். பாதி வரியில் நிறுத்தினாள்.

"என்ன நடக்குது இங்கே?" என்றார் டாக்டர் மெல்ல.

"உஷ்" என்றார் தலைமையாசிரியை. திரும்பிப் பார்த்தார், மங்கலாக ஒரு வெள்ளை உருவம்தான் தெரிந்திருக்கும். "யாருப்பா அது, நடுவுல பேசறது? மருந்து விட்டாச்சில்ல? கண்ணை மூடிக்கிட்டு இப்படி உக்காரு."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு எழுந்திருப்பதா, படிப்பதா, ஓடிவிடுவதா என்று புரியவில்லை. நர்ஸக்கா தடுப்புக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டி, ‘படி, படி’ என்றாள். அடுத்த பத்தியைப் படித்தாள். இன்ஸ்பெக்டருக்குப் பெண்டாட்டியின் குரல் வந்துவிட்டது.

"டிவி வந்திருக்கு போலிருக்கே" என்றார் டாக்டர், பக்கத்தில் இருந்த தலைமையாசிரியையிடம், தாழ்ந்த குரலில்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறே? இந்தக் கண்ணு ஜன்னல் வெளிச்சத்துக்கே கூசுது. அதுக்கு எதிர்ல டிவியை மாட்டணும்னு சொன்ன ஆளை முதல்ல ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டணும்."

நர்ஸக்கா தடுப்புக்குள் சட்டென்று மறைந்தாள். டிவிக்காரர் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணு எப்படி?" என்றார் டாக்டர், கொஞ்ச நேரம் கழித்து.

"போன வாரம்வரைக்கும் இங்க உக்காந்தா எனக்கு லேசரைவிட இந்தக் காத்திருப்புதான் பயம். என்ன ஆகுமோ, பார்வை போயிடுமோன்னு கண்ட யோசனையும் வரும். இப்ப திங்கக்கிழமை எப்ப வரும்னு இருக்கு. போதுமா? பேசாம கேளு."

அத்தியாயம் முடிய அரைப்பக்கம் இருந்தது. அதுவரை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, டிவிக்காரரின் தோளைத் தொட்டுப் பெட்டியை வெளியே எடுத்துப்போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் மேஜையருகே குனிந்தார்.

"அடுத்த பேஷண்டை அனுப்பு. அப்புறம், ரெக்கார்டு ரூமுக்கு ஒரு ஆள் வேணும்னு விளம்பரம் குடுக்கணும். சாயங்காலம் ஞாபகப்படுத்து."

கதவு மூடியது. அவள் லாரி டிரைவரை உள்ளே அனுப்பினாள். திரும்ப வந்து உட்கார்ந்து, சினிமா இதழை எடுத்து விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதல் வரி தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை, எழுத்தெல்லாம் நீரில் மிதந்தது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் தலைமையாசிரியை.

"எழுத்து மங்கலா இருக்கு டீச்சர்."

"போச்சு, போ. உனக்கும் மருந்தை விட்டுட்டாங்களா?"