பெயிண்ட் மட்டும்தான் பாக்கி

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கைதான். வெளிச்சுவரில் இருந்த துளை வழியாகக் குளவிகள் போய்வந்தன. ஒரு காலையில் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்போடு கையைக் கழுவினேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'குளவிகள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது...' அடித்துவிட்டேன். அவை தேர்ந்தெடுத்ததை நான் பார்க்கவில்லை.)

2

என் மனைவிக்குப் பதினொரு வயதில் ஒரே ஒரு குளவி கொட்டித் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுமுறை கொட்டினால் உயிர் தங்குவது சந்தேகம் என்றார் மருத்துவர். ஆகவே, சுவருக்குள் சத்தம் கேட்ட அன்று 'அவள் நடுங்கினாள்' என்று எழுதினேன். படித்துவிட்டுக் கேட்டாள்:

"நான் எப்ப நடுங்கினேன்?"

"கதைக்கு வேணும்."

"வேணும்னா நீங்க நடுங்குங்க. ஓட்டையை அடைச்ச மகராசன் நீங்கதானே."

திருத்தம்: நான் நடுங்கினேன்.

3

பூச்சிமருந்து அடிப்பவர் மூன்றாம் நாள் வந்தார். ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, படுக்கையறைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார்.*

"வெளிய அடைச்சீங்களா சார்?"

"ஆமா."

"அதான் உள்பக்கமா வழி பண்ணுதுங்க. உள்சுவர்ல அடிச்சிருக்கிற ஜிப்சம் பலகையை மென்னு மென்னு எடுத்தாச்சு. இந்த எடத்துல பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. விரல் பட்டா போயிடும்."

அந்த இடம் எங்கள் தலையணைக்கு இரண்டு சாண் மேலே இருந்தது.

"அக்கா, நீங்க வீட்டை விட்டு வெளிய போயிடுங்க" என்றார்.

அவள் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

* டம்ளர் எங்களுடையது. அதில் இப்போது யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

4

நானும் கேட்டேன். அந்த ஒலிக்கு ஏழு உவமைகள் எழுதி ஏழையும் அடித்தேன். ஆயிரம் தாடைகள், ஒன்றுக்கும் அவசரமில்லை. அந்த ஒலியைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அவள் அந்த இடத்தைத் தொடாமல், பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கு. கொழந்தைக்கு ஜுரம் வந்தா நெத்தி இருக்குமே, அப்படி."

"உள்ள புழு இருக்கும்க்கா. அதுக்குச் சூடு கொறையாம குளவிங்க உடம்பாலயே பாத்துக்கும்ங்க."

என் ஏழில் ஜுர நெற்றி இல்லை.

5

அவர் வெளியே போய் என் சிமெண்டைப் பெயர்த்தார். மருந்துத் தூள் ஊதும் குழாயைத் துளைக்கு நேரே பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்:

"போடட்டுமா?"

"வா, போயிடலாம்" என்று அவள் தோளைத் தொட்டேன்.

"கொஞ்சம் இருங்க." காது டம்ளரில். கண் மூடியிருந்தது.

முடிவு ஒன்று: பெயிண்ட் கிழிகிறது. முதல் குளவி அவள்

(இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: தூள் போகிறது, சத்தம் நிற்கிறது. இதை அவளிடம் காட்டினேன்.

"அத்தனை சத்தத்தையும் ஒரே வரியில நிறுத்திட்டீங்களா?" என்றாள்.

அவள் நலமாக இருக்கிறாள். அதில் எனக்கு விளையாட்டில்லை. குளவிகளைப் பற்றிய வரியை மட்டும் நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் சுவரின் கனம், உங்கள் கையிலிருக்கும் தாளின் கனம்தான். காதை வைத்துக் கேளுங்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். இப்போது கேட்பது உங்களிடம்.

"போடட்டுமா?"