படத்தின் மூலையில் ஒரு தேதி

அன்று பிற்பகல் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள். படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையின் உரிமையாளரும் குடும்பத்துக்கு மூத்தவருமான பெரியவர். மருத்துவமனையில் நர்சாக இருக்கும் அவருடைய தங்கை. எல்லோருக்கும் இளையவனும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவனுமான தம்பி. பெரியவரின் மகளை மருமகளாக ஏற்றுக்கொண்ட சம்பந்தி. இவர் செடிக் கன்றுகள் வளர்த்து விற்பவர். பாதியில் வந்து சேர்ந்தவர் பெரியவரின் மனைவி. வேறு யாரும் இல்லை. கடை வாசலில் நின்றவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, கதவு சாத்தியிருந்தது.

மேசைமேல் நான்கு கேமராக்கள் இருந்தன. நான்கும் ஒரே ஜாடை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, சாம்பல் நிறம், பொத்தானை அமுக்கினால் மெல்ல முனகிக்கொண்டு மூக்கை நீட்டும் லென்ஸ். எல்லாம் பெரியவர் சொல்லி வாங்கியவை.

பெரியவர் ஒரு பொருள் வாங்கப் புறப்பட்டால் கடைக்காரர்களுக்குக் கண்டம். அந்தக் கேமராவுக்காக அவர் எல்லாக் கடைகளையும் சல்லடை போட்டுச் சலித்தார். சட்டைப் பையில் போட்டு நடந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், மேசைக்கு அடியில் ஒரு படம் என்று எடுத்துப் பார்த்தார். எடுத்ததைப் பெரிதாக அச்சிட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைக்காரரின் புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று தேடினார். தெரிந்தது. "இதுல குறைன்னு எதுவும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் வேறு கேமரா வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? தங்கை வாங்கினாள். தம்பி வாங்கினான். சம்பந்திக்கு உறவு புதிது; அவர் மறுவாரமே வாங்கிவிட்டார்.

நல்ல கேமராதான். அதனால்தான் விவகாரமே வந்தது.

சில நாள்களுக்கு முன் தம்பியின் மனைவி ஒரு படத்தைச் சட்டம் போடக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏரியில் ஒரு படகு. படகில் தம்பியும் அவனுடைய இரண்டு மகள்களும். மூன்று பேர் கையிலும் ஐஸ்கிரீம். துடுப்பை விட்டுவிட்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறான் தம்பி. தண்ணீரில் நெளிகிற வெயில்கூட அப்படியே விழுந்திருந்தது. பெரியவருக்குப் படம் பிடித்துப்போனது. தம்பி குடும்பத்துப் படம் என்பதைவிடத் தாம் தேர்ந்தெடுத்த கேமரா எடுத்த படம் என்பதில் அவருக்குப் பெருமை. சுற்றிலும் வைக்கும் வெள்ளை அட்டையை வெட்டுவதற்காக அளவுகோலை வைத்தபோதுதான் கீழ் மூலையைப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் தேதி.

அது அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்த நாள்.

அன்று தம்பி வரவில்லை. என் பள்ளிப் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், விட்டுவிட்டு வர முடியவில்லை அண்ணா என்று போனில் சொன்னான். தங்கைக்கு வேறு வார்டில் வேலை. பெரியவர் அறுவைக்கூடத்தின் வெளியே தனியாக உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பியைக் கூப்பிட்டுப் படத்தை நீட்டினார். தம்பி பார்த்தான். முகம் சுருங்கியது.

"தேதி தப்பு அண்ணா."

"எப்படித் தப்பாகும்?"

"தப்பு. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"கேமரா தப்புங்கிறியா?"

தம்பி படத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவனும் அந்த ரத்தம்தானே. முதுகை வளைக்கத் தெரியாது.

லைசென்ஸ் ஆபீசில் போய் விசாரித்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் என் தம்பி பொய் சொல்கிறானா என்று வெளியாளிடம் போய்க் கேட்பதைவிடப் பெரியவர் கையை வெட்டிக்கொண்டிருப்பார். மனைவியிடமும் சொல்லவில்லை. உடம்பு இப்போதுதான் தேறி வருகிறது. அவள் காதில் இது விழக் கூடாது என்று தங்கையிடம் கண்டித்துச் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "படத்துல இருக்கிறது நிஜம்னா, அவன் இனிமே என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

எனவேதான் இந்தக் கூட்டம். கேமராவின் மேல் பழி விழுந்திருக்கிறது. கேமராவை வைத்திருப்பவர்கள் சொல்லட்டும் என்பது பெரியவரின் நியாயம். அவருடைய கேமராவையும் முந்தின நாளே மனைவியிடம் சொல்லி எடுத்துவைக்கச் செய்திருந்தார்.

"உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றார். "எனக்காக யாரும் பூசி மெழுக வேண்டாம். முதல்ல நீ சொல்லு."

தங்கை தம்பியைப் பார்த்தாள். அவன் மேசைமேல் கிடந்த மரத்தூளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாதகமாக ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று இரண்டு நாளாக அவள் கேமராவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லண்ணா" என்றாள் குரல் இறங்கி. "யூனிஃபார்ம் பாக்கெட்ல போட்டா இருக்கிறதே தெரியாது. ஒரு தடவை கை நழுவி விழுந்து, ஸ்ட்ரெச்சர் சக்கரம் அதுமேல ஏறிடுச்சு. மூலையில ஒரு கீறல், அவ்வளவுதான். அன்னைக்கே ஒரு அக்காவோட ரிட்டயர்மெண்ட் படம் எடுத்தேன். அழுத கண்ணுல தண்ணி நிக்கிறதுகூட விழுந்திருந்தது."

"தேதி?"

"சரியாத்தான் காட்டுது."

பெரியவர் தலையை ஆட்டினார். பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் எங்கோ ஓர் ஆணி இறங்கியது. அவர் சம்பந்தி பக்கம் திரும்பினார். இவராவது ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை அடக்கிக்கொண்டார்.

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்னத்தச் சொல்றது சம்பந்தி, என் தொழிலே இப்ப இதுலதான் ஓடுது. அந்தப் பூ போட்ட பொத்தான் இருக்கு பாருங்க, அதை அமுக்கிட்டு இலைகிட்ட கொண்டுபோனா, இலைக்கு அடியில இருக்கிற பூச்சியோட காலை எண்ணலாம். வாங்க வர்றவங்ககிட்ட, உங்க செடிக்கு இதுதான் சீக்குன்னு படத்தைக் காட்டிடுவேன். என்ன, சாயங்காலமானா படம் கொஞ்சம் ஆடின மாதிரி..."

"ஆடின மாதிரியா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சம்பந்தி அந்தப் பார்வையைத் தவறாகப் புரிந்துகொண்டார். "சேச்சே, அது என் கை நடுக்கம். கேமரா என்ன பண்ணும்? தங்கமான கேமரா."

"கை நடுங்குறவர் எப்படிப் பூச்சிக் காலை எண்ணினீங்க?" என்றாள் தங்கை.

"காலையில நடுங்காதும்மா."

தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் அவனைப் பார்த்ததும் உதட்டை மடித்துக்கொண்டான்.

"நீ சொல்லு" என்றார் அவனிடம். "நீயும்தான் வச்சிருக்கே."

"நல்ல கேமராண்ணா." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவங்களுக்கு நான் வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். இப்ப அவங்க நிறுத்தின கோணத்தைப் படம் எடுத்து அவங்க கையிலயே கொடுத்துடுறேன். பார்த்துட்டு அவங்களே இறங்கிப் போய்த் திரும்ப நிறுத்துறாங்க. என் கேமரா மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. பொய் சொல்லி என்னைக் காப்பாத்திக்கணும்னு எனக்கு அவசியம் இல்ல."

மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான்: கேமரா சுத்தம். கேமரா சுத்தம் என்றால் தேதியும் சுத்தம். பெரியவர் படத்தைக் கையில் எடுத்தார். அவர் எடுத்த முடிவை அவர் வாயாலேயே சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"அப்ப..." என்று ஆரம்பித்தார்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அவருடைய மனைவி உள்ளே வந்தார். கையில் டீத் தட்டு. கடைப் பையனை அனுப்பினால் பாதி டீயைத் தெருவில் ஊற்றிவிடுவான் என்று, மாடிப்படி இறங்கக் கூடாது என்ற டாக்டர் பேச்சைத் தள்ளிவிட்டுத் மாடி வீட்டிலிருந்து தாமே கொண்டுவந்திருந்தார்.

"நாலு பேரும் சாவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க? ஏதாவது உடைஞ்சுபோச்சா?" தட்டை வைக்க இடம் தேடியவர் கணவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, அந்தப் படகுப் படமா? நல்லா வந்திருக்கே. நம்ம கேமராவா கொக்கா?"

"நம்ம கேமராவா?" என்றார் பெரியவர்.

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"தம்பி, நீங்க சொல்லிடலையா?"

"இல்லண்ணி. நீங்க சொல்ல வேண்டாம்னீங்களே."

"என்ன சொல்ல வேண்டாம்?" பெரியவரின் குரல் உயர்ந்தது.

"கத்தாதீங்க, தையல் போட்ட இடம் இழுக்குது" என்றார் மனைவி. பெரியவரின் குரல் அப்படியே அடங்கிவிட்டது. "போன மாசம் தம்பி வீட்டுல ஏரிக்குப் போனாங்க. அவங்க கேமரா தம்பி பொண்டாட்டியோட அம்மா வீட்டுல மாட்டிக்கிச்சு. அவ வந்து கேட்டா, நம்மளதைக் கொடுத்தேன். நீங்கதான் அதை யாருக்கும் தரமாட்டீங்களே; காத்து பட்டாலே கரைஞ்சுடும்கிற மாதிரி பீரோவுல வச்சுப் பூட்டுவீங்க. அதான் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னேன்."

"போன மாசமா? தேதி ஆபரேஷன் நாளைக் காட்டுதே."

மனைவி படத்தை வாங்கி மூலையைப் பார்த்தார். "ஆமா, காட்டும். அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்பத்தான் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ்ல போட்டேன். அப்புறம் யார் எடுத்தா? நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் அது அங்கேயேதான் கிடந்தது. நாள் கணக்கா பேட்டரி இல்லாம கிடந்தா இதோட கடிகாரம் நின்னுடும். திரும்பப் போட்டதும் பேட்டரியைக் கழற்றின நாளையே காட்டி, சரிதானேன்னு கேட்கும். அவ பிள்ளைங்க இழுத்த இழுப்புல சரின்னு அமுக்கியிருப்பா."

"எனக்கு அப்படி ஒரு தடவையும் ஆனதில்லையே" என்றார் சம்பந்தி.

"நீங்க தினமும் எடுக்கிறீங்க. இவர் வாங்கி வச்சு அழகு பார்க்கிறவர். வருஷத்துல நாலு தடவை வெளியே எடுப்பார். ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி நான் எடுத்துத் தேதியைத் திருத்தி வைப்பேன். நேத்துகூட வச்சேன்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே நீ" என்றார் பெரியவர்.

"குறையே இல்லாத கேமரான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

தங்கை டீத் தம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். சம்பந்தி, நாகரிகமானவர், தம் கேமராவைத் திருப்பி அடிப்பக்கத்தை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. அறுவைக்கூடத்தின் வெளியே உட்கார்ந்திருந்த அந்த நாளிலிருந்து தோளில் ஏறிக்கொண்டிருந்த எதுவோ இறங்கியது போலிருந்தது. ஆனாலும் குடும்பத்துக்கு மூத்தவர். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பியை நேராகப் பார்த்தார்.

"அந்தத் தேதி தப்பு" என்றார்.

"சரிண்ணா."

"அண்ணி பேரைச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேனே."

வாக்குக் கொடுத்திருந்தால் பெரியவரும் அதைத்தான் செய்திருப்பார். "அன்னைக்கு நீ வருவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

தம்பியின் கை மரத்தூளில் நின்றது. "டெஸ்ட்டை விட்டுட்டு வந்திருக்கணும்ணா."

"வந்திருக்கணும்தான்."

அவ்வளவுதான் அதைப் பற்றி. பெரியவர் அட்டையை இழுத்து வைத்து, கத்தியை எடுத்தார். உள்ளே வெட்டும் சதுரத்தைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் குறைத்து அளந்தார். ஆரஞ்சு எண்கள் அட்டைக்கு அடியில் போய்விட்டன. படகும் வெயிலும் சிரிப்பும் முழுசாக இருந்தன.

"எந்தச் சட்டம் போடுறீங்கண்ணா?" என்று கேட்டான் தம்பி.

"தேக்கு."

"அவ சாதா மரம்தான் சொல்லிட்டுப் போனா."

"படம் நல்ல படம். நீ பேசாம டீயைக் குடி."

இந்த நாளைப் பற்றி உறவுக்காரர்கள் நடுவே இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. தாம் வாங்கியது மட்டமான கேமரா என்று பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டாராம். மறுநாளே அதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடிகாரம் சரியில்லை என்பது மட்டும்தான் தெரியவந்தது. கேமராவைப் பற்றி அவர் குறையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.