மல்லித்தழையைப் பார்த்தே சொல்வது

1

இந்தக் கதை எனக்குப் பேகம்பூரில், ரஹ்மத்துல்லா பாயின் கீரைக்கடையில் கிடைத்தது. புதினா வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கைக்கொரு தழைக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடி, தராசின்மேல் சாய்த்து வைத்த போனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க, இதுல எது மல்லி?"

போனில் தெரிந்தவன் செத்த நேரம் பார்த்துவிட்டு, "எடது கையி" என்றான்.

"ஒங்களுக்கு எடதா, எனக்கு எடதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: பிரிவு என்பது ஒரு நீண்ட—

[வேண்டாம். பிரிவு என்னவென்று சொல்ல நான் யார்? ஆட்களைச் சொல்கிறேன்.]

2

அவள் ஜெஸ்ஸி. எங்களுக்கு அடுத்த தெரு. ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. போனில் இருந்தவன் அவள் கணவன் ராயப்பராஜ். கத்தாரில் ஓர் ஓட்டல் சமையல்கட்டில் காய்கறி நறுக்குபவன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேர மாத்திருங்கண்ணே" என்றாள். மாற்றிவிட்டேன்.

போன வருசம் அவனுக்கு ஒரு காய்ச்சல். அது போகும்போது வாசனை அறியும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஓட்டலில் சாலட்டுக்குப் பார்ஸ்லி என்றொரு தழை போடுவார்கள். பார்த்தால் மல்லித்தழை போலவே இருக்கும். ஒருநாள் பார்ஸ்லி என்று நினைத்து மல்லியை நறுக்கிப் போட்டுவிட்டான். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார் பெரிய சமையல்காரர்.

அன்றைக்குத்தான் ஜெஸ்ஸியிடம் கேட்டான். "மல்லிய பாத்தே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"பாக்க என்ன இருக்கு? கிள்ளி மோந்தா தெரியாதா?"

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு, "எனக்கு வாசம் வரல ஜெஸ்ஸி. நாலு மாசமாச்சு" என்றான்.

3

ரஹ்மத்துல்லா பாயிடம் சொல்லிவைத்து, கொடைக்கானல் வண்டியில் பார்ஸ்லி வரவழைத்தாள். இரண்டையும் வெள்ளைத் தட்டில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவனுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் ஆரம்பமானது.

"மல்லி எல வட்டம் வட்டமா, லேசா இருக்கும். மத்தது முனை கூரா, கொஞ்சம் தடிப்பா, கரும்பச்சையா இருக்கும். தெரியுதா?"*

"தெரியுது. காம்பக் காட்டு."

தினமும் கேட்டான். தினமும் காட்டினாள்.

(* இரண்டையும் நானும் வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆனால் கட்டு வாடிவிட்டால் எனக்கு இன்னும் குழப்பம்தான்.)

இந்த இடத்தில் எனக்கு ராயப்பராஜ் மேல் சந்தேகம் வந்தது. இதே போனில் தேடினால் நூறு வீடியோ இருக்கிறதே, ஒரு மனுசனுக்கு இதைப் படிக்க இம்புட்டு நாளா? இந்தப் பாத்திரம் கதையில் நிற்காது என்று ஜெஸ்ஸியிடமே சொன்னேன்.

"அவரு மொத வாரமே படிச்சுட்டாருண்ணே" என்றாள்.

"அப்புறம் ஏன் கேக்குறாரு?"

"கேட்டா நான் காட்டணும்ல."

[இதற்குப் பிறகு ஒரு பத்தி விளக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன்.]

4

இந்தச் சித்திரையில் விடுமுறைக்கு வந்தான். இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. தாடிக்கொம்பு தாண்டி பஸ் ஊருக்குள் நுழையும்போது அவனுக்கு வாசனை திரும்பிவிடுகிறது. ஜெஸ்ஸி படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நடக்கலையே" என்றாள்.

ஆ. கறிக்குழம்பு நல்ல வாசமாக இருக்கிறது என்று அவன் பொய் சொல்கிறான். அவள் நம்பியதுபோல்— [இல்லை. அவன் அவளிடம் இனி மறைக்கிறவன் இல்லை.]

இ. நடந்தது. அவள் குழம்பை இறக்கிவைத்து மல்லித்தழை தூவினாள். அவன் அடுப்படிக்கு வந்து பின்னால் நின்றான். தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அவள் கழுத்தோரம் முகத்தை வைத்து மெல்ல மூச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

"ஒண்ணும் வரலையா?" என்றாள், திரும்பாமல்.

"ஒன் வாசம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அது ஒன்னோடதுதானா, அங்க தனியா கெடந்து நானா உண்டாக்கிக்கிட்டதான்னு தெரியல."

அதற்கு அவள் ஒன்று சொன்னாள். என்னிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு, "அத மட்டும் எழுதிராதீங்க" என்றாள்.

எழுதவில்லை. அவன் இன்னும் அப்படியேதான் நிற்கிறான், முகத்தை எடுக்காமல். நீங்கள் ஜெஸ்ஸியாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள்.