கேரவனுக்குக் கடன்

இனிமேல் வீடு போல் வசதியுள்ள கேரவன் வண்டியில்தான் குடித்தனம் என்று கணவர் மெர்ல் ஒற்றைக்காலில் நின்றதால், இருபத்தாறு வருடம் இருந்த வீட்டை லோர்னா போன வெள்ளிக்கிழமை மனசில்லாமல் விற்றுக் கொடுத்தாள். பழைய கடன் போக, கேரவனின் முன்பணத்துக்குத்தான் தேறியது. மீதிக்கு இருவரும் வங்கிக்கு வந்திருந்தார்கள்.

"வண்டிய எங்க நிறுத்துவீங்க? வீட்டு அட்ரஸ் சொல்லுங்க சார்," என்றாள் கடன் பிரிவிலிருந்த டானா.

"வீட்டை வித்தாச்சும்மா," என்றார் மெர்ல் பெருமையாக. "வண்டியிலதான் இனி வாசம்."

டானா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "லீவுல சுத்திட்டு வீடு திரும்புறவங்களுக்குத்தான் சார் இந்தக் கடன். அதுலயே குடியிருக்கப் போறவங்களுக்குத் தர மாட்டாங்க. சொந்த வீடு இருந்திருந்தா இன்னைக்கே முடிச்சிருப்பேன்."

"வித்ததே இதுக்குத்தானேம்மா."

"நாலு பேங்க்ல கேட்டுப் பாருங்க சார். பெரும்பாலும் இதையேதான் சொல்வாங்க."

காரை எடுத்த மெர்ல், சாலை முனையில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திருப்பினார். அது விற்ற வீட்டுக்குப் போகும் வழி. லோர்னா தடுக்கவில்லை. வேறு எந்தப் பக்கம் திருப்பச் சொல்வாள்?