அண்ணனுக்கு ஒரு பெரிய திரை

காவலாளி திரும்பிய நொடியில் அவள் மேஜையிலிருந்த மாதிரியை எடுத்து மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள். கையடக்க வீடியோ கேம் கருவிதான். ஆனால் பெரிய திரை வைத்த புதிய வடிவம், இன்னும் கடைக்கு வராதது. வெளியார் கண்ணில் படாதிருக்கத் திரைமேல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பிடிபட்டால் வேலை போய்விடும்.

அதை வடிவமைத்ததே அவள்தான். எழுத்து தெரியவில்லை என்று அண்ணன் பழைய கருவியைத் தூக்கி வீசிய அன்று வரையத் தொடங்கினாள். அவனுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. உறை சிவப்பா நீலமா என்று பேசியே மேலதிகாரிகள் ஒரு வருடத்தை விழுங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குள் ஓடி வந்தவள் கருவியை அண்ணன் கையில் திணித்து, எடுத்து வந்த கதையை அவசரமாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். யாரும் துரத்தவில்லை. முதுகுக்குப் பின்னால் விளையாட்டின் இசை ஒலித்தது. அவன் விரல்கள் பழகிய வேகத்தில் பொத்தான்களைத் தட்டின.

“திருடியா நீ? அப்பா இருந்திருந்தா தோலை உரிச்சிருப்பாரு.”

“அதை விடுண்ணா. எழுத்து தெரியுதா?”

“சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு. கண்ணாடியே வேண்டாம் போ.”

“நிஜமாவா?”

“பொய் சொல்லி எனக்கென்ன லாபம்? உங்க மேலதிகாரிங்க தலையில ஏதோ இருக்குன்னு இப்பதான் நம்புறேன்.”

“பெயிண்ட்தான் இருக்கு.”

அவன் சிரித்தான். நேரத்தோடு கொண்டுவந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவள் திரும்பினாள்.

அவசரத்தில் அவள் உரிக்க மறந்த கறுப்புத் தாள் திரைமேல் அப்படியே ஒட்டியிருந்தது. அதையே உற்றுப் பார்த்தபடி அண்ணன் சொன்னான்:

“நட்சத்திரமெல்லாம் எவ்வளவு பளிச்சுனு இருக்கு, பாரேன்.”