கடைக்கு அடித்த ஆணி

நாங்கள் காதலித்த காலத்தில் சந்தித்த இடங்களுக்கெல்லாம் பலகையில் ஒவ்வோர் ஆணி அடித்து, சிவப்பு நூலால் இணைத்துக்கொண்டிருந்தோம். வரவேற்பறைச் சுவருக்காக.

“ஆரம்பம் லைப்ரரிதான். அங்கதான் உன்னை முதல்ல பார்த்தேன்” என்றார் அவர்.

“முந்தின வாரமே உங்க கடைக்கு வாட்ச் ரிப்பேருக்கு வந்தேனே. நிமிர்ந்தாத்தானே பார்ப்பீங்க!” என்று கடைக்கும் ஓர் ஆணி அடித்தேன்.

“நூல் தீர்ந்துடுச்சு. வாங்கிட்டு வந்து சண்டை போடறேன்.”

தெருமுனைக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அவர் வாங்கிய நூல்கண்டைக் கடைக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

“உன் ஆணியிலேயும் கட்டிடும்மா, இனி யாரு சண்டைக்கு வரப்போறா?” என்றாள் மகள்.

அதனால்தான் கட்டவில்லை. பலகை சுவரில் இருக்கிறது. நூல் இன்னும் லைப்ரரியிலிருந்துதான் தொடங்குகிறது.