நஷ்டஈடு கேட்கப் போனவளும் கூடப் போனவனும்

அடித்தவனையே துணைக்கு அழைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கப் போன ஆள் இந்த உலகத்தில் நம்ம மாஸ்டர் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அன்று காலை தம்பி வாசலில் வண்டியை உறுமவிட்டபடி "ஏறுக்கா, நேரமாச்சு" என்றான். ஏறிவிட்டாள். பாதி வழி போன பிறகுதான், ஐயையோ, இவன்தானே அடித்தவன் என்று உறைத்தது. நடுரோட்டில் இறங்கி என்னவென்று சொல்வது?

மாஸ்டர் என்பது தையல் கடையில் ஒட்டிக்கொண்ட பெயர். துணி வெட்டுவதில் அவள் கை அப்படி. பெரிய கத்தரியை மேசையை விட்டுத் தூக்காமலே துணியின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே வருவாள். தம்பி அளவெடுப்பான், வருகிறவர்களிடம் பேசுவான். பேங்க், வரி ஆபீஸ், கரண்ட் ஆபீஸ் எல்லாம் அவன் பாடு. ஆபீஸ் என்றாலே மாஸ்டருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். சின்ன வயதிலிருந்தே அந்த வீடு அப்படித்தான் ஓடியது.

போன மழைக்காலத்தில், ஒரு கோட்டு தைத்து மறுநாளே தருவதாக அவன் யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டான். "என்னைக் கேக்காம எப்படிடா சொன்னே? வெட்டுறது நீயா, நானா?" என்று வந்தவர் முன்னாலேயே கேட்டுவிட்டாள். அவர் போனதும் மேசை டிராயரில் கைவிட்டுச் சாக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் டிராயரை எட்டி உதைத்து மூடினான். கை உள்ளே. அவள் அலறினாள். அவன் இழுத்துத் திறந்தான். திறந்து, மறுபடியும் உதைத்தான்.

வலது கட்டைவிரல் நசுங்கிப் போயிற்று. டாக்டர் போலீசுக்குச் சொல்ல, போலீஸ் வழக்குப் போட, அவன் கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். அம்மா எப்போதும் போல மூன்று தட்டு வைத்தாள். அதோடு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும், தள்ளிப்போட்டால் பிறகு கத்தரியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவர் சொன்ன தொகை கடையை விற்றாலும் தேறாது. அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு தரும், போய்க் கேளுங்கள் என்று வழிகாட்டியது வழக்கின்போது பழக்கமான ஒரு வக்கீலம்மா.

தம்பியை வெறுத்துவிடலாம் என்று மாஸ்டர் எவ்வளவோ முயன்றுபார்த்தாள். அவன் விட்டால்தானே! குனிந்து செருப்பு வாரை மாட்டிவிடுகிறான். அவள் தட்டில் இருப்பதைச் சின்னச் சின்னதாக நறுக்கி வைக்கிறான். "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. இதை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"விரல் மடங்கவே மாட்டேங்குது மேடம். கத்தரிய விடுங்க, ஒரு ஸ்பூன் பிடிக்க முடியல அக்காவால. தூக்கத்துல வலில முனகுறாங்க. பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன், எனக்குக் கேக்குது."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் முனகுவது அவளுக்கே தெரியாது. அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பும் இல்லை, அதுதான் கொடுமை.

"இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அதிகாரியம்மா. "கோர்ட் பேப்பர் இன்னும் எனக்கு வரல. வக்கீல் அனுப்பினதுல குடும்பத்துல ஒருத்தர்னு மட்டும்தான் இருக்கு. அடிச்சது யாரு?"

தம்பி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். "அது... வீட்ல ஒரு ஆள் மேடம்."

"அந்த ஆள் இப்ப எங்க?"

"வீட்லதான் இருக்கான்" என்று உளறிவிட்டான்.

"அடக் கடவுளே! அவனும் இவங்களும் ஒரே வீட்லயா? அப்ப தர முடியாதே. பணம் சுத்தி அவன் கைக்கே போயிடக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்படின்னா வீட்டை விட்டுப் போயிட்டான்னு எழுதிக்கங்க மேடம். என்ன இப்போ?"

அதிகாரியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு மூடியது. "யாரும்மா அது?"

"இப்ப வெளிய போனவன்தான் மேடம்."

"அவனையா கூட்டிட்டு வந்தீங்க?"

"அவன்தான் என்னைக் கூட்டிட்டு வந்தான். ஆபீஸ் வேலையெல்லாம் எங்க வீட்ல அவன்தான் பாப்பான்."

"தெரியாம நடந்துதா?"

"மொதல் தடவை வேணா கோவத்துல தெரியாமன்னு சொல்லலாம். ரெண்டாவது தடவைக்கு அவனே திறந்தானே மேடம்." வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

"அவனைப் பாத்தா பயமா இருக்கா? ஆமான்னா நீங்க தங்குறதுக்கு வேற இடம் நாங்க பாத்துத் தருவோம், பணத்துக்கும் எழுதலாம். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

தம்பியிடம் பயமா? இடுப்பில் தூக்கி வைத்து மூக்குச் சிந்திவிட்ட பயலிடம் என்ன பயம்? மாஸ்டர் திருதிருவென முழித்தாள். "தெரியல மேடம்."

"தெரியலன்னு எப்படிம்மா எழுதுறது? யோசிச்சிட்டு வாங்க."

வெளியே வந்ததும், "என்னக்கா, கிடைக்குமா?" என்றான். யோசிக்கச் சொன்னார்கள் என்றாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். கீழே வந்து இடது கையால் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தாள். காலையில் அம்மா மாட்டிவிட்ட வார் இப்போது தாடைக்குக் கீழே தொங்கியது.

"இரு, நான் போடுறேன்" என்று அவன் கையைத் தூக்கினான்.

அவ்வளவுதான். மாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். "வேணாம்டா, வேணாம்டா" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா... நான் வாரைத்தான்..."

"தெரியும்டா" என்றாள். சத்தியமாகத் தெரியும். தெரிந்தும் கை முகத்தை விட்டு இறங்க மறுத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு, அவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் மூன்று மாடியும் ஏறினாள். மூச்சு வாங்கியது. யாருக்காக என்று தெரியாமல் அழுகையும் வந்தது. அதிகாரியம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"பயமா இருக்கு மேடம். எழுதிக்கங்க."

அவர் டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அவன் கெட்டவன் இல்ல மேடம். அதையும் எழுத முடியுமா?"

"அதுக்கு இதுல இடமில்லம்மா. அவன் இப்ப எங்க?"

"கீழ நிக்கிறான். நீங்களே போகச் சொல்லிடுங்க மேடம். நான் போய்ச் சொன்னா, நானும் அவன்கூடப் போயிடுவேன்."